மூன்று தலைமுறைக்கு ஒரு வீடு

நுழையுமுன்

தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்வது நம் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். அவ்வாறு வாழ்வதற்கென ஒரு வீட்டை விலைக்கு வாங்கும்போது, அறைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மட்டும் போதாது. அவ்வீடு யார் யார் பெயரில் பதிவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோலார் தங்கவயல் மக்களின் வாழ்க்கை இதை நன்கு விளக்குகிறது.

வேலையோடு வந்த வீடு

கருநாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் உள்ளது தங்கவயல். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலை வளர்த்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் குடும்பத்துடன் வந்து சுரங்கத்தில் இறங்கினர். அவர்களுக்கு நிறுவனமே வீடு கொடுத்தது. தொடக்கத்தில் அவை மூங்கில் தட்டிகளால் ஆன குடில்கள். பின்னாளில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகள். அவ்வரிசைகளை மக்கள் ‘லைன்’ என்றே அழைத்தனர். இடம் சிறிதாயினும் பாட்டன் முதல் பேரன் வரை அனைவரும் அங்கேயே வாழ்ந்தனர்.

ஆனால் அவ்வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. அது வேலையோடு பிணைந்தது. சுரங்கங்கள் 1956ஆம் ஆண்டு அரசுடைமையாயின. 1972ஆம் ஆண்டு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன பின்னும் பல குடும்பங்கள் அதே வீடுகளில் தங்கி, அவற்றின் உரிமையைக் கேட்டுப் போராடின. பல தலைமுறைகளாகக் குடியிருந்தும் கையில் பத்திரம் இல்லாமையே அவர்களது கவலைக்குக் காரணம்.

சுரங்க நிலத்தை ஒட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேரான தெருக்களுடன் திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர் ராபர்ட்சன்பேட்டை. மைசூரில் ஆங்கிலேய அரசின் பேராளராக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயரால் அது வழங்குகிறது. கடைவீதி, பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவை அருகில் இருப்பதால், சொந்த வீடு வாங்க விரும்பும் குடும்பங்கள் இவ்வூரை நாடுவது இயல்பு.

ஒரு குடும்பம், நான்கு பேரின் பணம்

அத்தகைய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். தாத்தா சுரங்கத்தில் உழைத்தவர். மகன் நாள்தோறும் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார். மருமகள் ஆசிரியை. பேத்தி பள்ளியில் படிக்கிறாள். தாத்தா தம் சேமிப்பைத் தருகிறார். பாட்டி தம் வளையல்களை விற்றுத் தருகிறார். மகனும் மருமகளும் வங்கிக் கடன் பெறுகின்றனர். பத்திரம் எழுதும் நாளில், “மகன் பெயரில் இருந்தால் போதாதா? நமக்குள் எதற்குக் கணக்கு?” என்று தாத்தா கேட்கிறார். அன்பினால் எழும் கேள்வி அது. ஆயினும் சட்டம் அன்பை அளப்பதில்லை. பத்திரத்தில் உள்ள பெயரையே பார்க்கிறது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. அதன்படி மகன் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பெயரில் உள்ள வீடு தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். தந்தை அந்த முதல் வரிசையில் இல்லை. பணம் தந்த தாத்தாவுக்கு வாரிசு முறையில் பங்கு கிடைக்காது. கிறித்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுரிமை விதிகள் வேறு. கடன் பத்திரத்தில் மருமகள் கையொப்பமிட்டிருப்பதால் மட்டும் அவர் வீட்டின் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். ஆதலால் பணம் தந்தோர் அனைவரின் பெயரையும், அவரவர் பங்கையும் கிரயப் பத்திரத்தில் எழுதுவதே நேரிய வழி.

முதியோர் தம் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதித் தருவதும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. ‘எங்களைப் பேணிக் காக்க வேண்டும்’ என்னும் நிபந்தனையோடு எழுதித் தந்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால், தீர்ப்பாயத்தின்வழித் திரும்பப் பெற இச்சட்டம் இடமளிக்கிறது. அந்நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்படுதல் பாதுகாப்பானது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, நிலத்தின் உரிமை. அது தனியாரின் நிலமா, சுரங்க நிறுவனத்திற்கு உரிய நிலமா என்பதை மூலப் பத்திரங்களைக் கொண்டு அறிய வேண்டும். அடமானமோ வேறு வில்லங்கமோ உண்டா என்பதை வில்லங்கச் சான்று காட்டும். நகராட்சியின் ‘காத்தா’ வரி செலுத்துவதற்கான கணக்கு. அது மட்டுமே உரிமையை மெய்ப்பிக்காது. பதிவுச் சட்டம், 1908இன்படி கிரயப் பத்திரத்தை, எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டின் அமைப்பு. முதியோர்க்குத் தரைத்தளத்தில் படுக்கையறையும் அதனை ஒட்டிய கழிவறையும் தேவை. வாசலில் சாய்தளம் அமைத்தால், ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் இருத்தல் நன்று. படிக்கும் பிள்ளைக்கு அமைதியான ஒரு மூலை வேண்டும். பகலில் உறங்குவோர்க்கும் இரவில் விழித்திருப்போர்க்கும் இடையே ஒரு கதவேனும் வேண்டும்.

மூன்றாவது, சுற்றுப்புறம். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு, பெருமேடுகளாக நிற்கிறது. ‘சயனைடு மேடு’ என்று மக்கள் கூறும் அவற்றிலிருந்து காற்றுக்காலத்தில் தூசி பறக்கும். காற்று வீசும் திசை, குடிநீர் வரும் முறை, இரயில் நிலையத்தின் தொலைவு ஆகியவற்றை நேரில் சென்று பார்க்க வேண்டும்.

ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களுக்குள் கணக்கு எழுதுவது அவநம்பிக்கையாகாது. இல்லாத நாளிலும் ஒருவரை ஒருவர் காக்கும் ஏற்பாடு அது.

அருஞ்சொற்பொருள்

கிரயப் பத்திரம் – விற்பனையை உறுதிசெய்யும் ஆவணம்
வில்லங்கம் – சொத்தின்மீதுள்ள கடன் அல்லது தடை
வாரிசு – ஒருவர்க்குப்பின் சொத்துரிமை பெறுபவர்
உயில் – தமக்குப்பின் சொத்து யாரைச் சேரும் எனக் கூறும் ஆவணம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தங்கச் சுரங்கம் ______ ஆம் ஆண்டு மூடப்பட்டது.
2. சொத்தின்மீதுள்ள கடனை ______ சான்று காட்டும்.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக.
1. காத்தா மட்டுமே வீட்டுரிமையை மெய்ப்பிக்கும்.
2. கடனில் கையொப்பமிட்டவர் அனைவரும் உரிமையாளர் ஆவர்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘லைன்’ வீடுகளில் வாழ்ந்தோர் கவலைகொண்டது ஏன்?
2. முதியோர் வாழும் வீட்டில் இருக்க வேண்டியவை யாவை?

ஈ. சிந்தித்து எழுதுக.
“நமக்குள் எதற்குக் கணக்கு?” என்று கேட்கும் தாத்தாவுக்குப் பேத்தி கூறும் மறுமொழியைப் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்திட்டம்
உங்கள் வீட்டில் முதியோர் நடமாடும் இடங்களைப் படமாக வரைந்து, மாற்ற வேண்டிய இரண்டு இடங்களைக் குறித்துக் காட்டுக.