சுவரேறிய வரிப்பாம்பு

கேள்வி: போன வாரம் இரவு எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. பழுப்பு உடம்பு, கழுத்துப் பக்கம் வெள்ளை வரிகள் பளிச்சென்று இருந்தன, வால் பக்கம் ஒன்றுமே இல்லை. கட்டுவிரியன் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துப்போட்டார். அது விஷமில்லாத பாம்பு என்று சொல்லி என் மகன் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. யார் சொல்வது சரி? பூண்டு நசுக்கிப் போட்டால் பாம்பு வராதாமே?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மகன் சொல்வதுதான் சரி, அம்மா. நீங்கள் விவரிப்பது வெள்ளிக்கோல் வரையன். வீட்டுப் பல்லிதான் அதற்கு முக்கிய இரை. பல்லியைத் தேடித்தான் சுவரேறியிருக்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு திரிவது.

வரிகளும் அதையே சொல்கின்றன. வரையனுக்கு வரிகள் கழுத்தருகே தொடங்கி வால் பக்கம் மங்கிப்போகும். வளர்ந்த கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறுமையாக இருக்கும். அப்புறம் மெல்லிய வரிகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் பக்கம் தெளிவாகத் தெரியும். ஆனால் இதை மட்டும் நம்பிக் கிட்டே போய்விடாதீர்கள். குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்பக்கமும் வரி இருக்கலாம். வரியே இல்லாத கட்டுவிரியனும் உண்டு.

ஐயமில்லாத அடையாளம் செதிலில் இருக்கிறது. கட்டுவிரியனின் நடுமுதுகில் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோண வடிவில் இருக்கும். வாலின் அடிப்பக்கச் செதில்கள் ஒற்றை வரிசை. வரையனுக்கு முதுகுச் செதில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வாலடியில் இரட்டை வரிசை. உயிருள்ள பாம்பில் இதைப் பார்க்க முயல்வது பைத்தியக்காரத்தனம். தோட்டத்தில் உரித்துப்போட்ட சட்டை கிடைத்தால், வெளிச்சத்தில் பிடித்து மகனோடு சேர்ந்து பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரையும் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். கட்டுவிரியனை நினைத்து வரும் பயம் நியாயமானது. இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இராது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல் என்றால் மந்திரிக்கப் போகாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தப் பாம்பு என்று காட்ட அதை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம். விஷம் எடுத்தபின் பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் அடிக்காமல் விடுவோம் என்றால், இருட்டில் எல்லாமே செத்துப்போகும். அடுத்த முறை கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

பூண்டைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு அதைச் சட்டை செய்யாது. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குக் கம்பிவலை போடுங்கள், கதவடி இடுக்கை அடையுங்கள். வீட்டில் யாராவது தரையில் படுப்பதாக இருந்தால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.