பையனுக்கு நீலம், பாப்பாவுக்கு ரோஸ்: யார் சொன்னது?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் வாழவந்திநாட்டில் 1913 வாக்கில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி குடியேறினார்கள். 1914-ல் பிறந்த அவர்களுடைய மகன் பால், படிப்புக்காக 1923-ல் இங்கிலாந்து போகும் வரை மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலுடன் ஓடி, மரமேறி வளர்ந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை வேலூரில் அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.

‘அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பையன்’ என்றதும் நம் மனதில் வருவது வேறு உருவம்: வெல்வெட் சூட், லேஸ் காலர், பளபளக்கும் ஷூ. அமெரிக்காவின் பழைய ஸ்டூடியோப் படங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் வலம் வருகின்றன. கூடவே கதைகளும் வருகின்றன. அவற்றில் ஐந்தைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பையனுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் என்பது மேல்நாட்டின் தொன்றுதொட்ட வழக்கம்.

உண்மை: நூறு ஆண்டுக்கு முன் அமெரிக்காவிலேயே அது முடிவாகியிருக்கவில்லை. கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் வெள்ளைதான். வெந்நீரில் போட்டு வெளுத்துவிடலாம். 1918-ல் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ‘எர்ன்ஷாஸ்’ இதழ், ரோஸ் அழுத்தமான நிறம், அதனால் பையனுக்கு; நீலம் மென்மையானது, அதனால் பெண்ணுக்கு என்று எழுதியது. 1927-ல் ‘டைம்’ இதழ் பெரிய கடைகளின் வழக்கத்தைப் பட்டியல் போட்டபோது கடைக்குக் கடை பதில் மாறியது. இதை வைத்து ‘அன்று எல்லாமே தலைகீழ்’ என்று சொல்வதும் தவறு. பையனுக்கு நீலம் என்றவர்களும் அப்போதே இருந்தார்கள். இன்றைய வழக்கம் உறுதியாக வேரூன்றியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்.

நம்பிக்கை 2: பையனுக்குக் கவுன் போட்டால், பெற்றோர் பெண் குழந்தைக்கு ஏங்கினார்கள் என்று பொருள்.

உண்மை: ஏக்கத்துக்கும் கவுனுக்கும் சம்பந்தமில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884-ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள்: இரண்டரை வயது, வெள்ளைப் பாவாடை, தோளைத் தொடும் முடி, இறகு வைத்த தொப்பி. அது அன்றைய வசதியான வீட்டுப் பிள்ளையின் சாதாரண உடுப்பு. ஈரத்துணி மாற்றக் கவுன்தான் வசதி. குழந்தை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கலாம். அடுத்தது ஆணோ பெண்ணோ, அதற்கும் ஆகும். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபின் சின்னப் பையன்களுக்குச் சட்டையும் கால்சட்டையும் ஒன்றாய்த் தைத்த ரோம்பர் வந்து, கவுன் போடும் வயது குறைந்துகொண்டே போனது. நம் வீடுகளில் மட்டும் என்ன? குலதெய்வக் கோயிலில் மொட்டை போடுமுன் பையனுக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிப் படம் எடுத்து வைப்பதில்லையா?

நம்பிக்கை 3: அரைக்கால் சட்டை வெயில் நாட்டுக்காகத் தைத்தது.

உண்மை: பனி கொட்டும் நியூயார்க்கிலும் பள்ளிப் பையன்கள் முழுக்கால் சட்டை போடவில்லை. முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, அல்லது முழங்காலுக்குக் கீழே பட்டி வைத்து இறுக்கிய தொளதொள நிக்கர்பாக்கர். அதன் கீழே நீண்ட காலுறை. முழங்கால் பக்கம் சீக்கிரம் கிழியும் என்று ஒரு கோட்டுக்கு இரண்டு கால்சட்டை சேர்த்து விற்ற கடைகளும் உண்டு. இங்கே கணக்கு வெயிலில்லை, வயது. பதின்ம வயதின் தொடக்கத்தில் முதல் முழுக்கால் சட்டை கிடைத்தால் ‘பெரியவனாகிவிட்டான்’ என்று அர்த்தம். நம் பள்ளிகளில் சின்ன வகுப்புக்கு டவுசர், பெரிய வகுப்புக்குப் பேண்ட் என்பதிலும் இதே கணக்குதான் இருக்கிறது.

நம்பிக்கை 4: அன்றைய அமெரிக்கப் பையன்கள் எல்லாரும் துரை வீட்டுப் பிள்ளை போல உடுத்தினார்கள்.

உண்மை: வெல்வெட் சூட்டைப் பரப்பியது 1886-ல் நூலாக வந்த ‘லிட்டில் லார்ட் ஃபாண்ட்லராய்’ என்ற கதை. 1902-ல் தொடங்கிய ‘பஸ்டர் பிரவுன்’ படக்கதையின் பையனைப் பார்த்து இன்னொரு உடை கடைக்கு வந்தது. வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். 1900 கணக்கெடுப்பின்படி 10 முதல் 15 வயதுக்குள் சுமார் 17.5 லட்சம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனார்கள். 1908 முதல் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக லூயிஸ் ஹைன் எடுத்த படங்களில் அவர்களைப் பார்க்கலாம். பஞ்சாலைப் பையன் ஒருவன் நூற்பு எந்திரத்தின் மேலேறி அறுந்த நூலை முடிகிறான். ஒட்டுப்போட்ட கால்சட்டை, அழுக்குச் சட்டை, வெறுங்கால். ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லாத பிள்ளைகள் குடும்ப ஆல்பங்களில் இல்லை. அதனால் நம் கற்பனையிலும் இல்லை.

நம்பிக்கை 5: செருப்பில்லாமல் திரிவது நம் ஊர்ப் பழக்கம், அவர்கள் பிறந்தது முதல் ஷூவோடுதான்.

உண்மை: அமெரிக்கக் கிராமங்களில் கோடை முழுக்கப் பையன்கள் வெறுங்காலோடுதான் திரிந்தார்கள். தென் மாநிலங்களில் அது நோயாகவும் முடிந்தது. மலம் கலந்த மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும். சோகை பிடித்துச் சோர்ந்த பிள்ளைகளை ஊர் ‘சோம்பேறி’ என்றது. 1909-ல் தொடங்கிய ராக்பெல்லர் சுகாதார ஆணையம் சோதித்ததில், சுமார் 40 சதவீதம் பேருக்குப் புழு இருந்தது. கழிப்பறையும் மருந்தும் செருப்பும் அதை மட்டுப்படுத்தின.

வெறுங்கால் எல்லாருக்கும் கேடு என்றும் சொல்ல முடியாது. கொல்லிமலைக் கல்லிலும் மண்ணிலும் நடந்து வளர்ந்த பால் பிராண்ட், வெறுங்காலின் அருமையைக் கடைசிவரை பேசியவர். ஆனால் உணர்ச்சியற்ற பாதம் தன் காயத்தையே அறியாது என்று வேலூரில் கண்டதும், தொழுநோயாளிகளுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு உருவாக்குவதில் முனைந்தவரும் அவரே. 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய் அங்கும் அதைத் தொடர்ந்தார்.

பையன் எதை உடுத்தினான் என்பதை அவன் இனமோ நாடோ மட்டும் முடிவு செய்யவில்லை. வயதும், அம்மாவின் சலவைப் பாடும், அப்பாவின் சம்பளமும் சேர்ந்து முடிவு செய்தன. ஆகவே பழைய படம் ஒன்று போனுக்கு வந்தால், எந்த ஆண்டு, எந்த ஊர், எப்படிப்பட்ட குடும்பம் என்று விசாரியுங்கள். மூன்றுக்கும் விடை இல்லாத படத்தோடு வரும் கதையை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.