வாரண்டி கிடையாது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் ரமலான் முடிந்த சில வாரங்களில் ஒரு பை நிறையக் காகிதங்களோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். வளைகுடாவில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் 7 லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கிய கார். வாங்கி 16 மாதம்தான் ஆகியிருந்தது. 3 வருட வாரண்டி. அவருடைய தாயாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அதற்காகவே வாங்கிய வண்டி அது. கோடை தொடங்கியதும் ஏசி கம்ப்ரஸர் பெரும் சத்தம் போட்டு நின்றுவிட்டது.

ஷோரூமில் வண்டியைப் பார்த்துவிட்டு, "வெளியில மியூசிக் செட் போட்டு வயரை வெட்டியிருக்கீங்க சார், வாரண்டி போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

இதில் முதல் தவறு நாம் செய்தது. நாலு பேராகக் கிளம்பிப் போய் மேனேஜரிடம் பேசினோம். டீ கொடுத்தார், "கம்பெனி பாலிசி" என்றார், திரும்பி வந்தோம். அன்று நாம் என்ன கேட்டோம், அவர்கள் என்ன மறுத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அரைநாள் வீண்.

பிறகுதான் வாரண்டி கையேட்டை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். காருடன் கொடுக்கும் அந்தப் புத்தகத்தை நம்மில் யாரும் பிரிப்பதே இல்லை. பிரேக் பேட், வைப்பர் போன்று தேய்ந்து போகும் பொருட்களுக்கு வாரண்டி இல்லை என்று இருந்தது, அது நியாயம். வெளியில் செய்த மாற்றங்களைப் பற்றி இருந்த விதி என்ன சொன்னது? மாற்றம் செய்தாலே வாரண்டி முழுதும் ரத்து என்று சொல்லவில்லை. அந்த மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி இல்லை என்றுதான் சொன்னது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

இந்த வேறுபாடு நாம் கண்டுபிடித்ததல்ல. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஓர் உத்தரவு போட்டது. அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் வைத்திருந்ததுதான் அதில் முக்கியக் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று பொதுவாக ஒரு நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு சென்றன, அது தனிக்கதை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது அதிலிருந்து தெளிவாகிறது: இதனால்தான் அது கெட்டதா?

கடிதம் எழுத உட்கார்ந்தபோது சகோதரர் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். இரண்டாவது ஃப்ரீ சர்வீஸை 4 மாதம் தாமதமாக விட்டிருக்கிறார். "அதை எழுத வேணாம் அண்ணே, அவங்களே கண்டுபிடிக்கட்டும்" என்றார். தம்பி, அது ஏற்கெனவே அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றோம். இல்லாவிட்டாலும் எழுதத்தான் சொல்லியிருப்போம். விற்றவரிடம் இருந்தபோதே இருந்த குறையையும், வாங்கியவர் கைக்கு வந்தபின் சேர்ந்த குறையையும் நம் ஃபிக்ஹு நூல்கள் தனித்தனியாகப் பிரித்தே பேசுகின்றன. விற்பவர் குறையை மறைக்கக் கூடாது என்று மதரஸாவில் படித்துவிட்டு, நம் பக்கத்துக் குறையை நாம் மறைத்தால் எப்படி? தாமதத்தையும் மியூசிக் செட்டையும் முதல் பத்தியிலேயே எழுதினோம்.

அதற்குப் பின் மூன்றே கேள்விகள். கையேட்டின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள்? மியூசிக் செட் வயர் கம்ப்ரஸரை எப்படிக் கெடுத்தது? பரிசோதித்த டெக்னீஷியனின் எழுத்து அறிக்கை எங்கே? கடிதத்தை ஷோரூமுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, மெயிலிலும் போட்டோம்.

12 நாள் கழித்துப் பதில் வந்தது. விதி எண் இருந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதிலே இல்லை. அந்தப் பதிலையும் சேர்த்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் நேரில் வந்து கம்ப்ரஸரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பேரிங் இறுகிப் போயிருந்தது. வயருக்கும் அதற்கும் தொடர்பில்லை, சர்வீஸ் தாமதத்துக்கும் இல்லை. புது கம்ப்ரஸர் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். வெட்டிய வயரைச் சரிசெய்ய 3,600 ரூபாய் சகோதரரே கட்டினார். அது அவர் கட்ட வேண்டியதுதான். மொத்தம் 7 வாரம். அதுவரை தாயாரை வாடகை வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்தச் செலவு திரும்பி வரவில்லை.

அங்கே முடியாமல் போயிருந்தால் அடுத்த இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஷோரூம்காரர்கள் இழுப்பதில் இந்தக் கெடு கரைந்துவிடும். ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம், இல்லாவிட்டால் 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது. சொந்தமாக டாக்ஸி ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்களும் இதில் நுகர்வோர்தான். வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்று யாராவது சொன்னால் பயந்துவிட வேண்டாம்.

இதுபோன்ற காகிதங்கள் உள்ளவர்கள் ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். ஜாப் கார்டின் இரு பக்கமும் நகல் எடுத்து வாருங்கள். வண்டியை எடுக்கும்போது 'முழுத் திருப்தி' என்ற இடத்தில் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. குறை தீராமல் வண்டியை எடுத்தால், கையெழுத்துக்கு மேலே 'ஏசி வேலை செய்யவில்லை' என்று உங்கள் கையாலேயே எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.