வேலிக்குள் ஒரு வனம்

மனிதன் கைப்பட்ட நிலத்தை மீண்டும் இயற்கையின் பொறுப்பில் விட்டுவிடுதலை ஐரோப்பியர் ஓர் இயக்கமாகவே நடத்தி வருகின்றனர். இதனை மீள்வனமாக்கல் எனலாம். காடு வளர்ப்பில் நாம் மரம் நடுகிறோம். இதிலோ நாம் விலகிக்கொள்கிறோம். விலகுதல் அத்துணை எளிதா என்பதற்கு நெதர்லாந்து நாட்டு ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் தக்க சான்று.

சுமார் 5,600 ஹெக்டேர் பரப்புள்ள இவ்விடம் 1968-இல் நீரை இறைத்து மீட்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி. தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டது, அவை வரவில்லை. சாம்பல் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அவை நாணலைத் தின்றதால் சதுப்பு தூர்ந்து போகாமல் திறந்த நீர்ப்பரப்பாகவே நின்றது. இதனைக் கூர்ந்து நோக்கிய உயிரியலறிஞர் பிரான்ஸ் வேரா, மேயும் உயிர்களே நிலத்தின் உருவை ஆக்குகின்றன என்ற முடிவுக்கு வந்தார். பழைய ஐரோப்பாவில் அவ்வாறு மேய்ந்த காட்டெருதின் கடைசி உயிர் 1627-இல் போலந்தில் மாண்டது. ஆகவே அதற்கு ஈடாக ஹெக் மாடுகள் 1983-இலும், கோனிக் குதிரைகள் 1984-இலும், செம்மான்கள் 1992-இலும் விடப்பட்டன. தீனி போடுவாரில்லை. நேற்றுவரை கடலடியில் கிடந்த மண்ணில் ஆதி வனத்தைத் தேடிய துணிவை என்னென்பது! பலனும் இல்லாமற் போகவில்லை. நெதர்லாந்தில் அதுவரை கூடு கட்டியிராத வெண்வால் கடற்கழுகு 2006-இல் இங்கே குஞ்சு பொரித்தது.

ஆனால் ஓநாய் இல்லை, சுற்றிலும் வேலி. உலர்ந்த மேய்ச்சல் நிலம் ஏறத்தாழ 2,000 ஹெக்டேர்தான். விலங்குகளோ 5,000-ஐத் தாண்டின. மரங்கள் பட்டன, புதர்ப் பறவைகள் அருகின. 2017–18 குளிர்காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. பிழைக்கமாட்டா எனக் கண்டு வனத்துறையினர் சுட்டவையே அவற்றுட் பெரும்பாலானவை. எலும்பும் தோலுமான குதிரைகளைக் கண்டு பொறாத மக்கள் வேலிக்கு மேலாக வைக்கோலை வீசினர்.

இயற்கையில் பட்டினிச் சாவு இயல்பே என்று ஆதரவாளர் வாதிட்டனர். ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்கு அவ்வாதம் பொருந்தும்; அங்கே வறட்சி வந்தால் மந்தை இடம்பெயரும். இங்கே இடம்பெயரும் வழியை மனிதனே அடைத்திருக்கிறான். அடைத்தவனுக்குத் தீனிப் பொறுப்பு இல்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வேராவின் கொள்கையைவிட அந்த வேலியே குற்றவாளி என்பது என் கருத்து. வெலுவே காட்டுக்குச் செல்ல விலங்குகளுக்கு ஒரு வழித்தடம் அமைக்கத் திட்டமிட்டிருந்தனர். நிலம் வாங்கும் பணியும் தொடங்கியிருந்தது. 2010-இல் நடுவண் அரசு ஆதரவை விலக்கிக்கொள்ள, அத்திட்டம் நின்றது.

2018-இல் மாகாண அரசு அமைத்த குழு, மேயும் விலங்குகளை 1,100 அளவுக்குக் குறைக்கப் பரிந்துரைத்தது, அரசு ஏற்றது, வேரா ஏற்கவில்லை. அதன்பின் செம்மான்கள் பல சுடப்பட்டன. குதிரைகளிற் சில வேறு காப்பிடங்களுக்கு அனுப்பப்பட்டன. மரக்கன்றுகளையும் நட்டனர், அவற்றை மேய்ந்துவிடாதிருக்கத் தடுப்பு வைத்து.