வெண்டைக்காயும் வழவழப்பும்



“இன்றைக்கும் வெண்டைக்காயா?” என்று முகம் சுளித்துக் கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு. அவர்களுக்குப் பிடிக்காதது காயின் சுவையன்று. நூல் நூலாக இழுக்கும் அதன் வழவழப்புதான். காசு கொடுத்து வாங்கி, அம்மா அடுப்படியில் நின்று சமைத்த கறி குப்பைக்குப் போவது எவ்வளவு வருத்தத்திற்குரியது! வழவழப்பின் காரணத்தை அறிந்துகொண்டால் இதைத் தவிர்க்கலாம். மனையியல் என்பது செய்முறையை மனப்பாடம் செய்வது மட்டுமன்று, ‘ஏன்?’ என்று கேட்பதும் ஆகும்.

வழவழப்பு எதனால்?

பருத்தி, செம்பருத்தி, பூவரசு ஆகியவை சேர்ந்த தாவரக் குடும்பத்தையே வெண்டையும் சேர்ந்தது. செம்பருத்தி இலையை அரைத்தால் வழவழவென்று வருவது நீங்கள் அறிந்ததே. அதே வகைப் பொருள்தான் வெண்டைக்காயிலும் உள்ளது. சர்க்கரைக் கூறுகள் பல சங்கிலிபோல் இணைந்து உண்டான, நீரில் கரையும் நார்ப்பொருள் அது. காய் முழுதாக இருக்கும்வரை உள்ளேயே அடங்கியிருக்கும். நறுக்கும்போது வெளிவரும், தண்ணீர் பட்டால் அதை உறிஞ்சி உப்பிப் பெருகும். ஆகவே நறுக்கிய வெண்டைக்காய்க்குத் தண்ணீர்தான் பகை. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்ற முறைகள் தாமே விளங்கும்.

வாங்குவதும் நறுக்குவதும்

பிஞ்சுக் காயின் நுனி வளையாமல் ‘டக்’கென்று ஒடியும், முற்றிய காய் வளையும். ஒரு காயை ஒடித்துப் பார்த்தால் போதும். கடைக்காரரின் கூடையையே ஒடித்து வைப்பது நல்ல பழக்கமன்று!

காயை முழுதாகவே கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, முறத்தில் பரப்பி ஆறவிடுங்கள். அரிவாள்மணையும் கையும் உலர்ந்திருக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவவே கூடாது. கழுவினால் வழவழப்புக் கூடுவதோடு, நீரில் கரையும் வைட்டமின் சி-யும் வீணாகும். துண்டுகள் அரை அங்குலத்திற்குக் குறைய வேண்டாம். பொடியாக நறுக்க நறுக்க வெட்டுவாய்கள் கூடி, வழவழப்பும் கூடும்.

வதக்கும் முறை

கால் கிலோ காய்க்கு அகன்ற வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் 2 தாளித்துக் காயைப் போடுங்கள். தீ சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். மூடி போட வேண்டாம். மூடினால் நீராவி மீண்டும் காயின்மேலேயே சொட்டும். அடிக்கடி கிளற வேண்டாம்; காய் உடைந்து குழையும். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை மெல்லப் புரட்டினால் போதும்.

நூல் இழுப்பது பாதி குறைந்ததும் கெட்டிப் புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டியோ, அதே அளவு புளித்த தயிரோ சேர்க்கலாம். புளிப்பு வழவழப்பின் பிசுக்கைத் தளர்த்தும். உப்பை முதலில் போட்டால் அது காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். ஆகவே காய் சுருண்டு வெந்த பிறகு உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து இறக்குங்கள்.

சாம்பாருக்கும் மோர்க்குழம்புக்கும் இதே விதிதான். காயைத் தனியே எண்ணெயில் வதக்கிய பிறகே குழம்பில் சேர்க்க வேண்டும். இரும்புச் சட்டியில் வெண்டைக்காய் கறுத்துப்போகலாம். நிறம்தான் மாறும், உடலுக்குத் தீங்கில்லை.

பகையும் நட்பும்

நாம் விரட்டும் இந்த வழவழப்பை விரும்பி ஏற்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ‘கம்போ’ என்னும் குழம்பைக் கெட்டியாக்கவே வெண்டைக்காயைச் சேர்க்கிறார்கள். நம் நாட்டில் வெல்லம் காய்ச்சுவோர், வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த நீரைக் கரும்புச் சாற்றில் ஊற்றுவதுண்டு. அந்த வழவழப்பு அழுக்கைத் திரட்டி மேலே கொண்டுவர, அதை வழித்து எடுத்துவிடுவர்.

வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். கணக்கு, போட்டுப் பார்த்தால்தான் வரும்! ஆனால் நார்ச்சத்தும், வைட்டமின் சி-யும், ஃபோலிக் அமிலமும் வெண்டைக்காயில் கிடைப்பது உண்மை.

செய்து பாருங்கள்

ஆறு காய்களை எடுங்கள். மூன்றை உலர நறுக்கி ஒரு தட்டிலும், மூன்றை ஈரத்தோடு நறுக்கி மற்றொரு தட்டிலும் வையுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியால் இழுத்து, எதில் நூல் நீளமாக வருகிறது என்று பாருங்கள். பிறகு ஈரத் தட்டில் சிறிது புளிக்கரைசல் விட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள்.

வினாக்கள்

1. வெண்டைக்காயை நறுக்கும் முன்பே கழுவ வேண்டும். ஏன்?
2. உப்பைக் கடைசியில் சேர்ப்பது எதற்காக?
3. வாணலியை மூடினால் என்ன நேரும்?

விடைகளை ஏட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், வருகிற விடுமுறை நாளில் அடுப்படியிலும் காட்டுங்கள். அன்று தட்டில் கறி மீதமாகாது.