மட்டைக்குப் பிடி சுற்றும் முறை
(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். இது இறகுப்பந்து மட்டைக்கும் பொருந்தும். சட்டம் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், ஆடுபவர் கையில் படுவது அதன் மேல் சுற்றிய நாடா ஒன்றுதான். அந்த நாடாவைச் சுற்றுவது எப்படி என்பதை ஈண்டுக் காண்போம்.

மட்டை நமக்குப் புதிதன்று. பக்கத்துத் தஞ்சையில் 1856-ஆம் ஆண்டிலேயே அரச குடும்பத்தார் பூப்பந்து ஆடினர் என்பர். கம்பளி நூற்பந்தை அடிக்கும் அந்த மட்டைக்கும் பிடி வேண்டும். இறகுப்பந்தில் 1980-இல் பிரகாஷ் படுகோனும், 2001-இல் கோபிசந்தும் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றனர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழகத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பிடி ஏன் வேண்டும்?

மட்டையைக் கையில் நிறுத்துவது உராய்வு விசை. அது இரண்டைப் பொறுத்தது: பரப்பின் தன்மை, நாம் அழுத்தும் விசை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் பத்து நிமிடம் ஆடினால் கை நனைந்துவிடும். வியர்வையால் உராய்வு குறைகிறது. உடனே நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம். விளைவு: உள்ளங்கையில் கொப்புளம், முன்கையில் களைப்பு, நாளடைவில் முழங்கை வலி. நல்ல பிடி இருந்தால் தளர்வாகப் பிடித்தே ஆடலாம். அடிக்கும் கணத்தில் மட்டும் இறுக்கினால் போதும்.

பிடியின் வகைகள்

மரக்கட்டையின் மேல் நேரே சுற்றும் தடித்த அடிப்பிடி ஒன்று. அதன் மேல் சுற்றும் மெல்லிய மேற்பிடி மற்றொன்று. மூன்றாவது, துவாலைத் துணியால் ஆனது. வியர்வையை நன்கு உறிஞ்சும், ஆனால் விரைவில் அழுக்கேறும். மேற்பிடியின் தடிமன் ஏறத்தாழ 0.6 மி.மீ. ஒரு படலம் சுற்றினால் சுற்றளவு 2 × 3.14 × 0.6, அதாவது ஏறக்குறைய 4 மி.மீ. கூடும். சிறிய கையுடையோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சுற்றும் முறை

1. பழைய மேற்பிடியை அவிழ்த்து, அடிப்பிடியை உலர்ந்த துணியால் துடைக்கவும்.

2. புதிய நாடாவின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்கவும். நாடாவின் கூரிய முனையில் சிறிது பசை இருக்கும். அம்முனையை மட்டையின் அடிக்குமிழ் ஓரத்தில் ஒட்டி, முதற்சுற்றை ஓரத்தோடு ஒட்டினாற்போல் முழுமையாகச் சுற்றவும்.

3. பிறகு மேல்நோக்கிச் சாய்வாகச் செல்லவும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேல் 3 மி.மீ. ஏறியிருக்கட்டும்.

4. வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் திசை எதிரெதிர். இரண்டு சுற்று முடிந்ததும் மட்டையைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். விரல்கள் நாடாவின் விளிம்பை அமுக்கினால் திசை சரி. கிளப்பினால் மாற்றிச் சுற்றுங்கள்.

5. பிடி முடியும் இடத்தில் நாடாவைச் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் கட்டவும். அது இல்லையேல் சைக்கிள் கடை இன்சுலேஷன் டேப் போதும்.

இழுப்பு முழுவதும் ஒரே சீராக இருத்தல் முக்கியம். என் தந்தையார் உறையூரில் நெசவு செய்பவர். பாவின் இழுப்பு ஓரிடத்தில் தளர்ந்தாலும் துணி சுருங்கும் என்பார். இங்கும் அதே விதிதான். தறியில் ஊடையைச் சுமந்து போய்வருவதற்கும் நாடா என்றே பெயர். ஆங்கிலத்தில் அது ஷட்டில். அதைப் போல் அங்குமிங்கும் போய்வருவதால்தான் இறகுப்பந்துக்கும் அப்பெயர் வந்தது!

ஒரு சிறு கணக்கு

பிடியின் சுற்றளவு 8.5 செ.மீ., சுற்ற வேண்டிய நீளம் 17 செ.மீ., நாடாவின் அகலம் 2.5 செ.மீ. எனக் கொள்வோம். 3 மி.மீ. ஏற்றிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 2.2 செ.மீ. முன்னேறுவோம். ஒரு சுற்றை விரித்தால் செங்கோண முக்கோணம் கிடைக்கும். பிதாகரஸ் தேற்றப்படி அதன் கர்ணம் 8.8 செ.மீ. சுமார் 8 சுற்றுகளுக்கு 70 செ.மீ. போதும். பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றினாலோ ஏறக்குறைய 117 செ.மீ. தேவை, 110 செ.மீ. நாடா மேலே எட்டாது. ஆகவே சுற்றத் தொடங்குமுன் அளந்து பார்ப்பது நலம்.

முடிவுரை

ஆடியபின் மட்டையை ஈரப்பையில் திணிக்காமல் நிழலில் மாட்டி வையுங்கள். பிடி வழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள்.

நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், நானும் அப்படியே. ஒரு மட்டையின் விலை எம் வீட்டில் பல நாள் கூலி. ஒரே மட்டையை மூவர் மாறி மாறி ஆடுவதும் உண்டு. அம்மட்டை கை நழுவித் தரையில் மோதி முறிந்தால், மூவரின் ஆட்டமும் அன்றோடு நின்றுவிடும். அதைக் காப்பது சில ரூபாய் நாடாவும் பத்து நிமிட வேலையும்தான். இதைக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டியதில்லை. நண்பர்களே, நீங்களே சுற்றுங்கள். தெரியாத முதலாண்டு மாணவர்க்கும் சுற்றக் கற்றுக்கொடுங்கள்.