மூக்கின் தொண்டு

உடல், நா, மூக்கு, கண், செவி எனத் தொல்காப்பியர் ஐம்பொறிகளை வரிசைப்படுத்தினார். இவற்றுள் கண்ணையும் செவியையும் போற்றும் நாம், மூக்கின் தொண்டினை எண்ணிப் பார்ப்பதில்லை. இழந்த பின்னரே அதன் அருமை விளங்கும்.

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அரும்பாவூர். மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற அவ்வூரில், செதுக்கப்படும் வாகை மரத்தின் மணமும், சின்ன வெங்காயம் தாளிக்கும் மணமும் நாள்தோறும் எழுவன. இத்தகைய பழகிய மணங்கள் திடீரென மறைந்தால் எவ்வாறு இருக்கும்? 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவியபோது உலகெங்கும் பலருக்கு அதுவே நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 13ஆம் நாள், நம் நாட்டின் சுகாதார அமைச்சகம் மணமும் சுவையும் இழத்தலை அந்நோயின் அறிகுறிகளுள் சேர்த்தது.

மணம் போனால் சுவையும் போவது ஏன்? மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சிறிது சீரகத்தை மெல்லுங்கள். அதன் தனிச்சுவை தோன்றாது. கையை எடுத்தவுடன் சீரகம் சீரகமாகும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு போன்றவற்றையே நா அறியும். மற்ற நயங்களையெல்லாம் வாயின் பின்வழியே மூக்கை அடையும் மணமே உணர்த்துகிறது. மிளகாயின் உறைப்போ வேறொரு நரம்பின் உணர்ச்சி. ஆதலால் மணம் இழந்தவர்க்கும் அது தெரியும்.

மூக்கின் மேற்பகுதியில் மணம் அறியும் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களையே கொரோனாக் கிருமி பெரும்பாலும் தாக்குகிறது. துணை தளரவே நரம்பணுக்களும் தளர்கின்றன. எனினும் அவை புதிதாகத் தோன்றும் ஆற்றல் உடையவை. ஆகவே பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் மணவுணர்வு திரும்புகிறது. சிலர்க்குப் பல மாதங்கள் ஆகும். வேறு சிலர்க்கு நறுமணமும் தீநாற்றமாகத் தோன்றும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. செருமனி நாட்டு டிரெசுடன் நகரில் தாமசு உம்மல் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2009ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். ரோசா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டசு ஆகியவற்றின் மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரங்கள் கருத்தூன்றி முகர்தலே அப்பயிற்சி. அது எல்லோர்க்கும் பயன் தரும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் பலர்க்கு உதவியுள்ளது. குறை நீடித்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மூக்கு இன்பம் தருவது மட்டுமன்று; வீட்டின் காவலனும் ஆகும். சமையல் எரிவாயுவிற்கு இயல்பாக மணமில்லை. கசிவினை அறிவதற்கென்றே நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கின்றனர். மணம் அறியாதவர்க்கு அவ்வெச்சரிக்கை எட்டாது. கெட்ட உணவும், தொலைவில் எழும் புகையும் தெரியா. ஆதலின் உடன் உறைவோர் அவர்க்கு மூக்காக இருந்து உதவுதல் கடமையாகும். நோயுற்று எழுந்தவர் உணவில் சுவையில்லை என்றால், சமைத்தவரைப் பழிக்கிறார் என்று எண்ணற்க. அவர் தம் இழப்பையே கூறுகிறார் என்று உணர்ந்து பரிவு காட்டுவோமாக.

வினாக்கள்

1. மணம் போனால் சுவை குன்றுவது ஏன்?
2. மூக்கு வீட்டின் காவலன் என்பதை விளக்குக.
3. மணம் இழந்தவர்க்கு நாம் எவ்வாறு உதவலாம்?